நிறுத்தாமல் நகர்த்தலாம்... சொல்லாமல் நகர்த்தலாமா?

டிஸ்கி: இதை எழுதுவது கணினித்துறை ஆள் இல்லை. பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிற, டெபிட் கிரெடிட் மட்டும் கொஞ்சம் தெரிந்த ஒருவன். தொழில்நுட்பப் புலிகள் தப்பு கண்டுபிடித்தால் தலையில் குட்டலாம். கொஞ்சம் மெதுவாக :-)

போன மே மாதம் 19ஆம் தேதி, சாயங்காலம் ஏழு மணி. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று அங்கே பில் என்ட்ரி போடப் போய்க்கொண்டிருந்தேன். மறுநாள் 20ஆம் தேதி. வணிகவியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குக் காட்டும் வியாபாரிகள் 3பி என்கிற படிவத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. அதனால் 18, 19, 20 மூன்று நாளும் எந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாலும் கல்யாண வீட்டு சமையல்கட்டு மாதிரிதான் இருக்கும்.

அன்றைக்கு எங்கள் கையில் இன்னும் 14 பேருடைய கணக்கு பாக்கி. ஒரு மஞ்சள் மண்டி, மூன்று ஜவுளிக்கடை, மீதியெல்லாம் பவர்லூம் பட்டறைகள். திடீரென்று எல்லாருடைய திரையிலும் டேலி அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் மட்டும் நகர்கிறது. எதை அமுக்கினாலும் அசையவில்லை. அரை நிமிஷத்தில் இணைப்பே அறுந்து போனது.

"நெட்டு போயிருச்சா?" என்றார் ஆடிட்டர் சார்.

நெட் போகவில்லை. எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. ஏனென்றால் அந்த அறையில் இருந்த ஏழு பேரில், காலையிலிருந்து பின்னால் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் சிஸ்டம் அண்ணனைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் மாதிரி பத்துப் பன்னிரண்டு ஆபீஸுக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறவர். கெட்டிக்காரர். "பழைய ஸ்டோரேஜ் பெட்டியில டிஸ்க்கு ஒண்ணு சாகப் போகுது தம்பி. புதுசு வந்துருச்சு. இன்னைக்கே மூணு வி.எம்.மையும் அதுக்கு மாத்திடறேன். எதையும் நிறுத்த வேண்டாம். உங்க அக்கா டேலியில என்ட்ரி போட்டுட்டே இருக்கலாம், அவங்களுக்கே தெரியாது" என்றார். மடிக்கணினியைத் திறந்து, ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று ஏறிக்கொண்டிருந்த கோட்டைக் காட்டினார். எனக்கு மாயாஜாலம் பார்க்கிற மாதிரி இருந்தது. வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே வந்து வேலையில் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. யாருக்கும் தெரியாது என்பதுதானே அதன் அழகே!

இந்தப் பதிவு அந்த 'யாருக்கும் தெரியாது' பற்றித்தான்.

முதலில் அந்த மாயாஜாலம் என்ன என்று பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது.

வி.எம். என்றால் விர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி. ஒரே ஒரு பெரிய சர்வருக்குள் நாலைந்து கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல மென்பொருள் செய்து காட்டும். அப்படி ஓடுகிற ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும் இல்லையா? அது உண்மையில் ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கிற ஒரு மிகப் பெரிய கோப்பு, அவ்வளவுதான். ஆக, ஸ்டோரேஜ் பெட்டியை மாற்ற வேண்டுமானால் அந்தக் கோப்பை அங்கிருந்து இங்கே கொண்டுவந்தால் போதும். சிக்கல் என்னவென்றால் நாம் கோப்பை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணினி அதில் எழுதிக்கொண்டே இருக்கும்.

இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? நம் பாஷையில் சொல்கிறேன்.

ஒரு கடையில் பழைய பேரேடு கிழிந்து போச்சு. புதுப் பேரேட்டில் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுத ஒரு குமாஸ்தாவை உட்கார வைக்கிறோம். கடையை மூடவில்லை, வியாபாரம் நடந்துகொண்டே இருக்கிறது. புது வரவு ஒன்று வந்தால் எங்கே எழுதுவது? மூன்றே விதிகள்.

ஏற்கெனவே பார்த்து எழுதி முடித்த பக்கத்தில் வரும் பதிவு என்றால், பழைய பேரேடு, புதுப் பேரேடு இரண்டிலும் எழுது.

இன்னும் தொடாத பக்கம் என்றால் பழையதில் மட்டும் எழுது. எப்படியும் அது பின்னால் நகலாகிவிடும்.

இந்த நிமிஷம் குமாஸ்தா எழுதிக்கொண்டிருக்கும் பக்கம் என்றால், அவர் முடிக்கும்வரை ஒரு நொடி பொறு.

கடைசிப் பக்கம் முடிந்ததும் இரண்டு பேரேடும் ஒன்றுபோல இருக்கும். கண் இமைக்கிற நேரம் வியாபாரத்தை நிறுத்தி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மேஜையில் வைத்துவிடலாம். வாடிக்கையாளருக்குத் தெரியாது. 2011இல் வந்த விஸ்பியர் 5 என்கிற பதிப்பிலிருந்து விஎம்வேர் இந்த முறையில்தான் இதைச் செய்கிறது.

இது புதிதும் இல்லை. ஓடுகிற வி.எம்.மை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு நிறுத்தாமல் மாற்றும் விமோஷன் வசதியை 2003லேயே விஎம்வேர் கொண்டுவந்துவிட்டது. ஸ்டோரேஜையும் அப்படியே மாற்றும் ஸ்டோரேஜ் விமோஷன் 2007 கடைசியில் ஈஎஸ்எக்ஸ் 3.5 உடன் வந்தது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இதை 2012 சர்வர் பதிப்பில் சேர்த்தது. இலவசமாகக் கிடைக்கும் ப்ராக்ஸ்மாக்ஸிலும் இருக்கிறது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் உரிமத்தை நிறுத்தி சந்தா முறைக்கு மாற்றியதிலிருந்து, சின்ன ஆபீஸ்கள் பல வேறு மென்பொருளுக்கு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டன. அதனால் இந்த இடம் மாற்றும் வேலை இப்போது பெரிய பெரிய டேட்டா சென்டர்களோடு நிற்பதில்லை. உங்கள் ஊர் ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர், ஸ்கூல் வரைக்கும் வந்துவிட்டது.

சரி, இவ்வளவு நல்ல வசதியில் அன்றைக்கு என்னதான் தப்பாகப் போனது?

எங்கள் ஆபீஸில் மூன்று வி.எம். டேலி ஓடுவதற்கு 500 ஜிபி டிஸ்க். ஆபீஸ் கோப்புகளுக்கு 2 டிபி. ஸ்கேன் செய்த பழைய பில்களுக்கு இன்னொரு 2 டிபி. கூட்டினால் 4.5 டிபி. ஆனால் இதில் உண்மையில் நிரம்பியிருந்தது ஒன்றரை டிபிக்கும் குறைவு. பழைய பெட்டியில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். புதுப் பெட்டியின் அளவு 3.6 டிபி. ஒன்றரைக்கு மூன்றரை தாராளம் என்று அண்ணன் நினைத்துவிட்டார்.

வணிகவியல் மாணவர்களுக்கு இது உடனே புரியும். இது ஓவர்டிராஃப்ட் கணக்கு! ஒரு வங்கி மூன்று பேருக்கு லிமிட் கொடுத்திருக்கிறது. மொத்த லிமிட் 4.5 லட்சம். மூன்று பேரும் எடுத்திருப்பது ஒன்றரை லட்சம். கையில் 3.6 லட்சம் இருக்கிறது, கவலை இல்லை. எல்லாரும் ஒரே நாளில் முழு லிமிட்டையும் எடுக்காதவரை!

எடுத்துவிட்டார்கள். ஓடிக்கொண்டே இருக்கும்போது டிஸ்க்கை நகர்த்தினால், சில அமைப்புகளில் காலி இடமும் சேர்ந்தே முழு அளவுக்கு எழுதப்பட்டுவிடும். பழைய பேரேட்டில் வெற்றுப் பக்கங்கள் இருந்தால், குமாஸ்தா அதையும் விடாமல் புதுப் பேரேட்டில் அத்தனை பக்கத்தை ஒதுக்கிவிட்ட கதை. 120 ஜிபி மட்டும் இருந்த டேலி டிஸ்க், போய்ச் சேர்ந்தபோது 500 ஜிபி. 700 ஜிபி இருந்த கோப்பு டிஸ்க், போய்ச் சேர்ந்தபோது 2 டிபி.

மிச்சக் கணக்கு எளிது. நொடிக்கு சுமார் 100 எம்பி வேகம். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்த டேலி பத்தரைக்குள் முடிந்துவிட்டது. கோப்பு டிஸ்க் சாயங்காலம் நாலுக்கு முடிந்தது. இரண்டும் நூறு சதவீதம், பச்சை டிக். அப்போது புதுப் பெட்டியில் மிச்சம் 1.1 டிபி. மூன்றாவது டிஸ்க்குக்கு வேண்டியது 2 டிபி. மூன்று மணி நேரம் கழித்து, ஏழு மணிக்கு, பெட்டி நிரம்பியது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். நின்று போனது நகர்ந்துகொண்டிருந்த மூன்றாவது வி.எம். இல்லை. அது பழைய பெட்டியில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. நின்றது காலை பத்தரைக்கே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த டேலி. எழுத இடம் இல்லை என்றதும் அதை மென்பொருள் அப்படியே உறைய வைத்துவிட்டது. எட்டரை மணி நேரத்துக்கு முன்னால் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று டிக் வாங்கிய வேலை அது.

அண்ணன் அப்போது பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் இருந்தார். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இடம். இரண்டரை மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஒன்பதரைக்கு எடுத்தார். பத்தேகாலுக்கு வந்து, மூன்றாவது நகலை ரத்து செய்து, இடத்தைக் காலி செய்து, டேலியைத் திரும்ப ஓடவிட்டபோது பத்தரை. ஒரு என்ட்ரி கூடப் போகவில்லை. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தோம். மறுநாள் மத்தியானத்துக்குள் 14 கணக்கும் தாக்கல் ஆகிவிட்டது. அபராதம் யாருக்கும் இல்லை.

சுபம் என்று போட்டுவிடலாம்தான். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் அக்கா என்னிடம் கேட்ட ஒரு கேள்வி இன்னும் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து நடந்ததை நான் ஒப்புக்கொண்ட பிறகு, அவர் கோபப்படவில்லை. "காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பென்டிரைவ்ல ஒரு பேக்கப் எடுத்திருப்பேனே தம்பி. பத்து நிமிஷ வேலைதானே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் சனிக்கிழமை தோறும் டேலி பேக்கப் எடுக்கிறவர். அந்த வாரம் போட்ட என்ட்ரி எல்லாம் அதில் கிடையாது. சர்வரே தானாக எடுக்கும் தினசரி பேக்கப் எங்கே போய் விழுந்துகொண்டிருந்தது தெரியுமா? அதே பழைய பெட்டியில். டிஸ்க் ஒன்று சாகப் போகிறது என்று மாற்றிக்கொண்டிருந்தோமே, அதில். நகல் முடிந்த கையோடு டேலியின் பழைய கோப்பும் அழிக்கப்பட்டிருந்தது. அன்று ராத்திரி அந்தப் பெட்டியைக் கழற்றி எக்சேஞ்சில் கொடுப்பதாகத் திட்டம். புதுப் பெட்டியில் வந்தது இடப் பிரச்சினையாக இல்லாமல் வேறு ஏதாவது கோளாறாக இருந்து, ஒரு நாள் தள்ளி வந்திருந்தால்? 14 பேருடைய ஒரு வாரக் கணக்குக்கு நாங்கள் எங்கே போயிருப்போம்?

சின்ன ஆபீஸ், அப்படித்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் வரித்துறைக்கே இது நடந்திருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று அவர்களுடைய ஸ்டோரேஜ் அமைப்பு படுத்துவிட்டது. வரி ஆலோசகர்கள் பயன்படுத்தும் இணையதளம் உட்பட எல்லாம் நின்றது. அப்புறம் விசாரித்து 2017இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் வந்த ஒரு விஷயத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் பழைய பெட்டிதான் ஞாபகம் வந்தது. விழுந்ததை மீட்டெடுக்கத் தேவையான கருவிகளில் சிலவற்றை, விழுந்த அதே ஸ்டோரேஜில்தான் வைத்திருந்தார்கள்! வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. இன்னொன்று: 2017 பிப்ரவரி 2 அன்று திரும்பவும் நின்றது. அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? முதல் கோளாறைச் சரிசெய்வதற்காக ஒயர்களை மாற்றும் பராமரிப்பு வேலை.

பராமரிப்பு என்பது ஆபத்தே இல்லாத நேரம் இல்லை. சொல்லப்போனால் இருப்பதிலேயே ஆபத்தான நேரம் அதுதான். நிறுத்தாமல் செய்யும் வசதி அந்த ஆபத்தை அழித்துவிடவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கருத்து இதுதான். முன்பெல்லாம் சர்வர் வேலை என்றால் "ஞாயிற்றுக்கிழமை சிஸ்டம் இருக்காது" என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் செய்ய முடியாது, நின்றுவிடுமே. அந்த அறிவிப்பை நாம் ஒரு தொல்லையாகத்தான் பார்த்தோம். ஆனால் அது ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது. நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுமோ அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். பேக்கப் எடுப்பார்கள், அவசர வேலையை முந்தின நாளே முடிப்பார்கள், "20ஆம் தேதி வேண்டாமே" என்பார்கள். நிறுத்த வேண்டியதில்லை என்று ஆனதும், சொல்லவும் வேண்டியதில்லை என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். முதலாவது தொழில்நுட்பத்தின் சாதனை. இரண்டாவது நம் சோம்பேறித்தனம்.

இதற்கு அண்ணன் சொன்ன பதிலையும் போடாவிட்டால் நியாயம் இல்லை. மறுவாரம் நிதானமாகப் பேசியபோது சொன்னார்: "மூணு மாசமா உங்க சார்கிட்ட நாள் கேட்டேன் தம்பி. ஒருக்கா 7ஆம் தேதி டிடிஎஸ்-ங்கறார், ஒருக்கா 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் ஒன்-ங்கறார், மார்ச்சு கடைசியைப் பத்திப் பேசவே வேண்டாம். டிஸ்க்கு செத்துப் போனா என்னையத்தானே கேப்பீங்க? அதான் சொல்லாமயே செஞ்சேன்."

உண்மைதான். நம் பக்கத்திலும் தப்பு இருக்கிறது. எந்த நாளும் சரிப்படாது என்று தள்ளிப்போட்டால், வேலை தெரிந்தவன் ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிடுவான். அவர் பயந்தது மாதிரி அந்த டிஸ்க் முதலில் போயிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும். ஆனாலும் ஒன்று. மாதம் பூராவும் கெடு தேதிகள் என்றாலும் 21க்கு மேல் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது. அது அக்காவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. ஆபத்தைப் பற்றி அண்ணனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. இரண்டு பேரும் பேசியிருந்தால் மட்டுமே சரியான நாள் கிடைத்திருக்கும்.

"சொல்லிவிட்டு, நிறுத்திவிட்டே செய்தவர்களுக்கும்தான் சொதப்பியிருக்கிறது" என்று யாராவது கேட்கலாம். சரியான கேள்வி. இங்கிலாந்தின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் முன்கூட்டியே அறிவித்து, ஒரு வார இறுதி முழுக்க சேவையை நிறுத்தி வைத்து, புது அமைப்புக்கு மாறியது. அது வி.எம். நகர்த்தல் இல்லை, வங்கியின் மொத்த அமைப்பையே மாற்றிய வேலை. கணக்கு விவரங்கள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் புது அமைப்பு தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். ஆக, சொல்வது மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். போய்ச் சேர்ந்த பிறகு அங்கே எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். எங்கள் டேலியும் நூறு சதவீதம் போய்ச் சேர்ந்ததுதானே!

அப்படியானால் என்ன செய்யலாம்? சர்வர் அறையில் இருப்பவருக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. மேஜையில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் கேட்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

1. எதையும் நிறுத்தாவிட்டாலும் ஒரு வரி சொல்லுங்கள் என்று கேளுங்கள். எந்த நாள், எந்த மெஷின், நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும். இந்த மூன்றும் போதும். மூன்றாவது ரொம்ப முக்கியம். மில் கேட்டில் போனைக் கொடுக்கும் நாளில் வேண்டாம்.

2. புதுப் பெட்டியில் இடம் போதுமா என்று கேட்கும்போது, 'இப்போது எவ்வளவு இருக்கிறது' என்று கேட்காதீர்கள். 'முழு லிமிட்டும் எடுத்தால் போதுமா' என்று கேளுங்கள். கூட்டல் தெரிந்தால் போதும், கணினி அறிவே வேண்டாம்.

3. பேக்கப் மூன்றாவது இடத்தில் இருக்கிறதா? பழைய பெட்டியும் இல்லை, புதுப் பெட்டியும் இல்லை, வேறு இடம். இடம் மாற்றுவது பேக்கப் ஆகாது. டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு பிழை இருந்தால், அந்தப் பிழையையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

4. நகர்த்துவதற்கு முன்னால் ஒரு இருப்பாய்வு எடுத்து வையுங்கள். கடைசி வவுச்சர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர்த்திய பிறகு அந்த வவுச்சர் வரைக்கும் திரும்ப எடுத்து ஒத்துப் பாருங்கள். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்ன? பாஸ் புக்கில் வரவு வைத்துவிட்டார்கள் என்று வாயால் சொன்னால் நாம் நம்புவோமா? ஒத்துப் பார்க்காமல் டிக் போட மாட்டோம் இல்லையா?

5. பழைய கோப்பை உடனே அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரி மென்பொருளில் மூலத்தை அழிக்கலாமா என்று ஒரு டிக் பெட்டியே இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் பழைய டிஸ்க் ஒரு ஓரமாகக் கிடக்கும். விஎம்வேரில் அது தானாகவே அழிந்துவிடும், அதனால் அங்கே பேக்கப்தான் கதி. ஓரமாகக் கிடப்பது மாற்றிய நிமிஷம் வரைக்குமான நிலைதான், அதற்குப் பிறகு போட்ட என்ட்ரி அதில் இருக்காது. பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஓடவிடவும் கூடாது. ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

2013 கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிற நாம், அந்தக் கணக்கு இருக்கும் டிஸ்க்கை எட்டு நாள் வைத்திருக்கச் சொல்லக் கூச்சப்படுகிறோம். அது 'டெக்னிக்கல் விஷயம்' என்று ஒதுங்கிக்கொள்கிறோம். டிஸ்க் டெக்னிக்கலாக இருக்கலாம். அதில் இருக்கும் கணக்கு நம்முடையது. அது போனால் வாடிக்கையாளரிடம் நின்று பதில் சொல்லப் போவது அக்காதான், அண்ணன் இல்லை.

என் பங்குக்கு வருகிறேன். அன்றைக்கு நான் செய்தது சின்னத் தப்புதான் என்று ஆடிட்டர் சார் பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன். சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சதவீதம் ஏறுவதை ரசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நஷ்டமாகவில்லை என்பதால் இரண்டே நாளில் எல்லாரும் மறந்தும் விட்டார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது டிஸ்க், அந்த ஸ்கேன் பில்கள், அன்றைக்கு நகராமல் பழைய பெட்டியிலேயே நின்றுவிட்டது இல்லையா? அதை ஜூன் மாதம்தான் மாற்றினார்கள். கூடுதல் டிஸ்க் வாங்கிப் போட்ட பிறகு. அண்ணன் வந்து சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் "ஸ்டோரேஜ் வேலை, எப்போ வெச்சுக்கலாம்?" என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தில் இரண்டு வரி.

"21க்கு அப்புறம். முதல்ல பேக்கப், அப்புறம் டீ."